கணவன், மனைவி, குடும்பம்: உறவை மதிப்பிடுவது எப்படி? சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பதி காலை பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஆறு பேர்: கணவர், மனைவி, மனைவியின் அம்மா, கணவரின் பெரியப்பா, ஒரு சித்தி, சித்தியின் மடியில் தூங்கும் குழந்தை. என் அறையில் வருபவர்களுக்கு இருப்பது நான்கு நாற்காலி. பெரியப்பா முதலில் உட்கார்ந்தார். அம்மா அவருக்கு எதிரே. அப்புறம் குழந்தையோடு சித்தி, கடைசி நாற்காலியில் மனைவி. கணவர் கதவை ஒட்டி நின்றுகொண்டார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும், யார் ஓரமாக நிற்பார் என்பதைக் காட்டிவிட்டார்கள்.

மருத்துவ உளவியலில் பயிற்சி எடுப்பவர்களுக்காகவும், சேலம், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் பக்கம் ஆலோசனை வேலை தொடங்கியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தனி ஆளை மதிப்பிடப் பழகியவர்கள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்ததும் தடுமாறுவது இயல்பு. யாரிடம் கோளாறு என்று தேட மனம் ஓடும். நாம் பார்க்க வேண்டியது அவர்களுக்கு நடுவில் இருக்கிறது.

இன்னொன்று. நம்மிடம் வரும்போது ஊரில் எல்லோரும் புத்தி சொல்லி முடித்திருப்பார்கள். "அனுசரிச்சுப் போம்மா", "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்பதையெல்லாம் கேட்டுச் சலித்துத்தான் வருகிறார்கள். பார்த்து முடிக்காமல் நாமும் வாய் திறந்தால், அது இன்னொரு பஞ்சாயத்து. எனவே மதிப்பீட்டுக்கு மட்டும் மூன்று நான்கு சந்திப்புகள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை தீர்ப்பும் கிடையாது, அறிவுரையும் கிடையாது.

முதல் படி: போனில் வரும் முதல் குரல்

மதிப்பீடு போனிலேயே தொடங்குகிறது. யார் கூப்பிட்டார், யாருக்காகக் கூப்பிட்டார், என்ன வார்த்தை சொன்னார் என்பதை அப்படியே எழுதி வையுங்கள். "அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லணுங்க" என்று மாமனார் கூப்பிடுவதும், "எங்களுக்குள்ள ஒத்துவரலைங்க" என்று மனைவி கூப்பிடுவதும் வேறு வேறு வேண்டுதல்கள். முதலாவதில் நம்மைக் கூலிக்கு வைக்கும் முயற்சி இருக்கிறது. இரண்டாவதில் "எங்களுக்குள்ள" என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டே வருகிறார்கள்.

யார் யார் வரலாம் என்பதையும் போனிலேயே பேசுங்கள். முதல் முறை வீட்டில் முக்கியமானவர்கள் என்று அவர்கள் நினைக்கும் எல்லோரும் வரட்டும் என்பேன். பெரியவர்களைத் தடுத்தால் அவர்கள் வெளியிலிருந்தே நம் வேலையைக் கலைத்துவிடுவார்கள். நேரமும் முக்கியம். சங்ககிரி பக்கத்து லாரி ஓட்டுநர் எந்தக் கிழமை ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஏற்காட்டுத் தோட்டத்தில் வேலை செய்பவர் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வரவே முடியாது. மலையிலிருந்து வருபவர்களுக்குச் சேர்ந்த சந்திப்பையும் தனிச் சந்திப்பையும் ஒரே நாளில் வைத்துவிடுவேன். இரண்டாவது முறை வராமல் போனவரை "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவதற்கு முன்பு பஸ் நேரத்தைப் பாருங்கள்.

இரண்டாம் படி: முதல் சந்திப்பும் ரகசியம் பற்றிய பேச்சும்

எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அது மரியாதை மட்டுமல்ல, அந்த வீட்டின் வரிசையை நாம் மதிக்கிறோம் என்ற செய்தி. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "உங்க பார்வையில இங்க என்ன மாறணும்னு நினைக்கிறீங்க?" பதில் நீண்டால் இரண்டு நிமிடத்தில் மெதுவாக அடுத்தவரிடம் போய்விடுங்கள். அதிகம் பேசாதவரிடம் கடைசியாக வராதீர்கள். நடுவிலேயே கேளுங்கள்.

அதன் பிறகு ரகசியம் பற்றிய ஒப்பந்தம். தனித்தனியாகப் பேசப் போகிறோம். தனியாகச் சொன்னதை நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒருவர் சொன்ன ரகசியத்தை மற்றவரிடமிருந்து காக்கப் போகிறீர்களா, அல்லது உறவைப் பாதிக்கும் விஷயமானால் அவரே வெளியே சொல்ல உதவப் போகிறீர்களா? எந்த வழி எடுத்தாலும் சரி, அதை ரகசியம் காதில் விழுவதற்கு முன்பே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு சொன்னால் பயனில்லை. நான் சொல்வது இது: "தனியாச் சொல்றதை நானா யார்கிட்டயும் எடுத்துச் சொல்ல மாட்டேன். ஆனா உயிருக்கு ஆபத்துன்னா, குழந்தைக்கு ஆபத்துன்னா சும்மா இருக்க முடியாது."

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. அதே நேரம் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைமீது பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தால் நாம் தெரிவித்தே ஆக வேண்டும். இது ஏட்டில் மட்டும் உள்ள விஷயமல்ல. தாலியோடு வந்து உட்காரும் பெண்ணின் வயதைக் கேட்டால் சில சமயம் பதினேழு என்று வரும். அப்போது நம் முன்னால் இருப்பது தம்பதிப் பிரச்சினை இல்லை. அதனால் வயதை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: தனித்தனியே, பாதுகாப்பைப் பற்றி

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. எனக்கு இது ஒரு பெண்ணின் உடம்பு வழியாகத்தான் புரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்து, "வீட்டில் அடி உதை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். கணவர் "சேச்சே" என்றார். மனைவி தரையைப் பார்த்தபடி "இல்லைங்க" என்றார். நானும் "வன்முறை இல்லை" என்று எழுதி, "தகவல் பரிமாற்றக் குறைபாடு" என்று முடித்தேன். மூன்றாவது வாரம் அவருடைய அக்கா மட்டும் வந்தார். தங்கை கையில் மாவுக்கட்டோடு அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நான் கொடுத்த "மனம் விட்டுப் பேசுங்கள்" என்ற வீட்டுப்பாடத்தைச் செய்த அன்றுதான் அது நடந்திருக்கிறது. அந்தக் குறிப்புத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். தவறு என்னுடையது. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டேன், கிடைத்த பதிலை நம்பினேன்.

எனவே எந்தத் தம்பதி வந்தாலும், எவ்வளவு சிரித்த முகத்தோடு வந்தாலும், இருவரையும் தனித்தனியே பாருங்கள். "எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவது வழக்கம்" என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. கதவு சாத்தியிருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் குரல் கேட்கக் கூடாது.

கேள்விகள் வாசலிலிருந்து உள்ளறைக்குப் போவது போல அமைய வேண்டும். "சண்டை வந்தா வழக்கமா எப்படி முடியும்?" என்று தொடங்குங்கள். "சாமான் உடையுமா?" "கை நீட்டுவாரா?" "உங்களுக்கு இஷ்டமில்லாதப்பவும் கிட்ட வருவாரா?" பலர் அடியை வன்முறை என்றே எண்ண மாட்டார்கள். "அடிக்கல்லாம் மாட்டாருங்க, கோவம் வந்தா ரெண்டு தட்டு தட்டுவாரு" என்பார்கள். அதனால் செயலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: தள்ளுவது, முடியைப் பிடிப்பது, சூடு வைப்பது. கழுத்தைப் பிடித்ததுண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஜாக்குலின் கேம்ப்பெல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு வினாநிரல் இதை ஒரு முக்கியக் கேள்வியாக வைத்திருக்கிறது. கழுத்தை நெரித்தது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் அது உயிர் ஆபத்தின் அடையாளம்.

அடிக்காமலே அடக்கி வைப்பதும் உண்டு. போன் யார் கையில் இருக்கிறது, சம்பளக் காசு யாரிடம் போகிறது, அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை என நான்கையும் வன்முறை என்றே சொல்கிறது. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் காட்டிய வேறுபாடு இங்கே உதவும்: வாக்குவாதம் முற்றிக் கைகலப்பில் முடிவது ஒரு வகை, ஒருவர் மற்றவரை முழுவதும் கட்டுப்படுத்த வன்முறையைக் கருவியாக வைத்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் தம்பதிச் சிகிச்சை தொடங்கவே கூடாது. அறைக்குள் உண்மை பேசினால், அடிபடுபவர் அதற்கான விலையை வீட்டில் கொடுப்பார்.

தற்கொலை எண்ணத்தையும் இருவரிடமும் கேளுங்கள். ஆண்களிடம் கேட்காமல் விடுகிறோம். கடன் சுமையோடு வரும் கணவர், மனைவி "பேசவே மாட்டேங்கறார்" என்று சொல்லும் அதே மௌனத்தில், சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கும் நச்சுச் சாயப்பொடி), எலி பேஸ்ட், பூச்சிமருந்து இருக்கிறதா என்று நேராகவே கேட்டு, அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மகளிர் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். கணவர் கையில் சிக்கும். மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரை எப்படி அணுகுவது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மனைவி சொன்னதை எடுத்துக்கொண்டு கணவரிடம் போய் "இப்படிச் செய்வீர்களாமே" என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

நான்காம் படி: குடும்ப வரைபடம்

அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் தொடங்கிவைத்த குடும்ப அமைப்புச் சிந்தனையிலிருந்து வந்தது ஜீனோகிராம் என்னும் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. 1985-இல் மோனிகா மெக்கோல்ட்ரிக், ராண்டி கெர்சன் இருவரும் இதன் குறியீடுகளை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் ஊரில் கணவன் வீடு ஒரு மரம், மனைவி வீடு இன்னொரு மரம், நடுவில் ஒரு கோடு. அந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நம் ஊர்க் குடும்பத்தை வரைந்தால் பல நேரம் கோடுகள் முட்டிக்கொள்ளும். முறை மாப்பிள்ளை, முறைப்பெண் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது.

தாய்மாமனைக் கட்டிய பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அம்மா அவள் கணவருக்கு அக்கா. அவளுடைய மாமியார் அவளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. கணவரோடு சண்டை போட்டு "அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினால், அவள் போவது அவருடைய அக்கா வீட்டுக்கு. அம்மாவிடம் கணவரைப் பற்றிக் குறை சொன்னால், ஒருத்தியிடம் அவள் தம்பியைக் குறை சொல்கிறாள். சாய்ந்துகொள்ள வேறு வீடு இல்லாத நிலை இது. அத்தை மகனைக் கட்டியவளுக்கு வேறு முடிச்சு: அப்பா மகளுக்காகப் பேசினால் கூடப் பிறந்தவளை எதிர்க்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் மனஅழுத்தம் கூடினால் மூன்றாமவரை உள்ளே இழுப்பார்கள் என்று போவன் சொன்ன முக்கோணம், இங்கே பிறக்கும்போதே வரையப்பட்டிருக்கிறது.

அதனால் வரைபடம் போடும்போது "மாமியார்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி இவங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அத்தை என்று கூப்பிட்டவர் மாமியார் ஆனபோது என்ன மாறியது? பாசமாக "கண்ணு" என்றவர் எப்போது நிறுத்தினார்? இந்த ஒரு கேள்விக்குப் பலர் அழுதிருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தச் சாவு வீட்டிலிருந்து அது தொடங்கியது, குடும்பத்தில் குடி, தற்கொலை, மனநோய், சின்ன வயதில் இறந்த குழந்தைகள், மறைக்கப்பட்ட முதல் கல்யாணம். பணத்துக்கு நான் தனியாகச் சிவப்புக் கோடு போடுவேன். யார் நகை அடமானத்தில் இருக்கிறது, தறிக்கு வாங்கிய முன்பணம் யார் பெயரில், சீட்டு எடுத்துக் கொடுத்தவர் யார், சீர் பாக்கி உண்டா. பாசத்தின் கோடும் பணத்தின் கோடும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தாலே சண்டை நடக்கும் இடம் தெரியும்.

சேர்வராயன் மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லை. திருமண வழக்கம், பிரிவது, மறுமணம், ஊர்ப் பெரியவர்களின் இடம் எல்லாம் கீழே இருப்பது போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "உங்க பக்கம் இதுக்கு என்ன வழக்கம்?" என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: அவர்கள் பேசுவதைப் பார்ப்பது

சொல்வதைக் கேட்பது ஒன்று, செய்வதைப் பார்ப்பது வேறொன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம் ஆய்வுக்கூடத்தில் தம்பதிகளைக் கருத்து வேறுபாடு உள்ள ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்தார். நமக்குக் கேமரா வேண்டாம். ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டால் போதும். சேலத்தில் எனக்குத் தவறாமல் பயன்படும் தலைப்பு: "இந்த ஆடிப்பண்டிகைக்கு எந்த வீட்டுல இருக்கப் போறீங்க?" கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே ஒன்றுகூடும் நேரத்தில் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதில் இரண்டு குடும்பங்களின் கௌரவமும் அடங்கியிருக்கிறது. பாதுகாப்பு உறுதியான தம்பதிகளுக்கு மட்டும் இந்தப் பயிற்சி.

காட்மன் சொல்லும் நான்கு ஆபத்துகள்: ஆளையே குறை சொல்வது, இகழ்வது, தன்னைக் காத்துக்கொள்ள எதிர்ப்பேச்சுப் பேசுவது, சுவர் போல அடைத்துக்கொள்வது. நான்கில் இகழ்ச்சியைத்தான் அவர் மிகக் கடுமையானதாகக் கருதினார். தமிழில் இகழ்ச்சி பிரதிப்பெயரில் வரும். "இவங்க" என்று தொடங்கியவர் ஐந்து நிமிடத்தில் "இவ" என்று இறங்கி, பிறகு "இது சொல்லுது பாருங்க" என்பார். அந்த "இது" விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் பக்கத்தில் "அம்மா வந்துச்சு", "அக்கா சொல்லுச்சு" என்பது பாசத்தின் பேச்சு. இலக்கணத்தை வைத்து முடிவு கட்டாமல், குரலையும் எதிரே இருப்பவர் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். "உங்க பையன்", "உங்க பொண்ணு" என்று பெற்ற பிள்ளையை மற்றவர் கணக்கில் எழுதுவதும் ஒரு குறிப்பு. அதேபோல வாய்க்கு வாய் "ங்க" போட்டுப் பேசுவதால் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மிக ஆழமான கசப்பை மிக மரியாதையான வார்த்தைகளில் நான் கேட்டிருக்கிறேன்.

மௌனத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். பெரியப்பா முன்னால் தலை குனிந்து நிற்கும் கணவரை "சுவர் எழுப்புகிறார்" என்று எழுதினால் தவறு. பெரியவர்கள் வெளியே போன பிறகும் அதே மௌனம் இருக்கிறதா என்று பாருங்கள். தறி ஓடும் வீட்டில் நாள் முழுக்கச் சத்தத்தில் பேச்சே இருக்காது. கரண்ட் போனால்தான் பேசுவார்கள். எங்கே, எப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் "பேசுவதில்லை" என்ற குறையை அளக்க முடியாது.

கடைசியாக நடந்த ஒரே ஒரு சண்டையை நூல் பிடித்தது போலக் கேட்டு எழுதுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு? அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? அதைப் பார்த்து அவர் என்ன செஞ்சார்?" பத்துப் பொதுக்குறைகளைவிட ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அதிகம் சொல்லும். ஒருவர் நெருக்கிக் கேட்க, மற்றவர் விலக, விலகுவதைப் பார்த்து இவர் இன்னும் நெருக்க, அவர் இன்னும் விலகுவதை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். நம்மிடம் வரும் தம்பதிகளில் இந்தச் சுழல்தான் அடிக்கடி கண்ணில் படும். மிலான் நகரத்துக் குழு 1980-இல் எழுதிய வட்டக் கேள்விகளும் கைகொடுக்கும்: "அப்பா கோவமா இருக்கிறப்ப அம்மா என்ன செய்வாங்கன்னு நீ நினைக்கிற?" என்று மூன்றாமவரிடம் கேட்பது. கேட்ட மாத்திரத்தில் இருவரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆறாம் படி: அளவுகோல்கள்

அளவுகோலைப் பேச்சுக்குப் பின்தான் எடுக்க வேண்டும். அதிகம் பயன்படுவது கிரகாம் ஸ்பானியர் 1976-இல் வெளியிட்ட இருவர் இணக்க அளவுகோல். 32 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 151 வரை. ஒத்த கருத்து, திருப்தி, சேர்ந்திருத்தல், அன்பை வெளிப்படுத்துதல் என்று நான்கு பகுதிகள். இது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 218 மணமானவர்களையும் 94 விவாகரத்தானவர்களையும் வைத்து உருவானது. அதன் எல்லைக்கோட்டை எடுத்துக்கொண்டு கொண்டலாம்பட்டித் தம்பதியைத் தேர்ச்சி, தோல்வி என்று பிரிக்க முடியாது. துணைக்கு முத்தம் கொடுக்கிறீர்களா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. ஐம்பது வயதுத் தம்பதியிடம் அதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அவர்கள் அடுத்த முறை வர மாட்டார்கள். வெட்கம் கலையாமல் கேட்க நம் வார்த்தைகள் இருக்கின்றன. "ஆசையா ஒருத்தருக்கொருத்தர் எதாவது செஞ்சுக்கறதுண்டா?" என்று கேட்டால் பூ வாங்கி வருவது, கால் பிடித்துவிடுவது என்று பதில் வரும். ஆனால் இப்படி மாற்றிக் கேட்டால் அது உரையாடல்தான், மதிப்பெண் போடக் கூடாது. முறையாக மொழிபெயர்த்துச் சரிபார்த்த வடிவம் இருந்தால், அனுமதி பெற்று, மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

முழுக் குடும்பத்துக்கு மெக்மாஸ்டர் குடும்ப மதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. எப்ஸ்டீன், பால்ட்வின், பிஷப் 1983-இல் தந்தது. டேவிட் ஓல்சனின் மாதிரி நெருக்கம், நெகிழ்வு என்ற இரண்டு அச்சில் குடும்பத்தை வைத்துப் பார்க்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: நம் கூட்டுக்குடும்பங்கள் அந்த அளவில் "மிதமிஞ்சிய பிணைப்பு" என்று வர வாய்ப்பு உண்டு. அண்ணன் தம்பி ஒரே அடுப்பில் சாப்பிடுவது நோயல்ல. அந்த நெருக்கத்தில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்பதே கேள்வி.

இருவரையும் தனித்தனி இடத்தில் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கணவர் இரண்டு தாளையும் நிரப்பிக் கொடுப்பார். வாசிக்கத் தயங்குபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் அனுபவத்தில் மொத்த மதிப்பெண்ணைவிட, ஒரே கேள்விக்கு இருவரும் தூரதூரமாகக் குறித்திருக்கும் இடங்கள்தான் பொன். "பணத்தில் எப்போதும் ஒத்துப்போவோம்" என்று அவரும் "ஒருபோதும் இல்லை" என்று அவளும் குறித்திருந்தால் அடுத்த சந்திப்பை அங்கே தொடங்கலாம்.

ஏழாம் படி: ஒருவரின் நோயைத் தவறவிடாமல்

உறவுப் பிரச்சினை என்று வருவதில் நோய் ஒளிந்திருக்கும். பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வை "சோம்பேறி" என்று மாமியார் சொல்வார். தீராத சந்தேகம் மருட்சி நோயாக (இல்லாததை உண்டென்று உறுதியாக நம்பும் மனநோய்) இருக்கலாம், குடியின் பின்விளைவாகவும் இருக்கலாம். குடிக்கு உலக சுகாதார அமைப்பின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் வினாநிரல் போதும். தாம்பத்தியத்தில் ஆரம்பத்திலிருந்தே தடை இருந்தால் அதைத் தனிச் சந்திப்பில்தான் சொல்வார்கள், அதுவும் நாம் கேட்டால்தான். சந்தேகம் வரும் இடத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், குடும்பத்தினர் அவரைப் பற்றிப் பேசும் தொனியைக் கவனியுங்கள். ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வும், 1976-இல் கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் வெளியிட்டதும், விமர்சனம், பகைமை, மிதமிஞ்சிய ஈடுபாடு உள்ள வீட்டில் நோய் திரும்புவது அதிகம் என்று காட்டின. இதைச் சொல்லிக் குடும்பத்தைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தினரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யிலும் உறவினர் கூடவே தங்கும் வழக்கம் உண்டு. களைத்துப்போன அம்மாவின் கடுஞ்சொல்லுக்குப் பின்னால் எத்தனை தூக்கமில்லாத இரவுகள் என்று முதலில் கேளுங்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. "பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான்" என்று வரும் வீட்டில், அவன் வீட்டில் இருந்தால் யாருடைய சண்டை நிற்கிறது என்று பாருங்கள். குடும்பம் சேர்ந்து ஏதோ செய்வது போல ஒரு படம் வரையச் சொல்லலாம். ஆனால் அப்பாவைச் சின்னதாக வரைந்தான் என்று முடிவு கட்டாமல் "இவர் என்ன செய்யறார்?" என்று அவனையே கேளுங்கள்.

எட்டாம் படி: சேர்த்துப் பார்த்து, திருப்பிச் சொல்வது

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு தாளில் சுழலை வரையுங்கள். பாதுகாப்பு பிரச்சினை இல்லாத தம்பதியாக இருந்தால், அந்தத் தாளில் வில்லன் இருக்கக் கூடாது. இருவரும் அதைப் பார்த்து "ஆமா, இப்படித்தான் நடக்குது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம், பல குடும்பங்களின் துண்டுகளை ஒட்டிச் செய்தது. தறிக்காரக் குடும்பம், தாய்மாமனைக் கட்டிய பெண், இரண்டு குழந்தைகள். மனைவியின் குறை: "வீட்ல ஒண்ணுமே சொல்ல மாட்டாருங்க மேடம்." கணவர் குறை: "எதைச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் எங்க அக்காவுக்குத் தெரிஞ்சிடுது." தனிச் சந்திப்பில் அடியோ மிரட்டலோ இல்லை. இருவருக்கும் சாகும் எண்ணம் இல்லை. கணவருக்குத் தூக்கம் குறைந்திருந்தது. சிவப்புக் கோடு போட்டபோது, முன்பணத்துக்கு மேல் அவர் வெளியே வாங்கிய கடன் தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நான் வரைந்த சுழல் இது. கடன் கூடும்போது கணவர் மறைக்கிறார். மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது, குழந்தைகள் முன்னாலேயே கேட்கிறார். கணவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார். மனைவி பயந்து அம்மாவுக்குப் போன் செய்கிறார். அம்மா, அதாவது கணவரின் அக்கா, தம்பியைக் கூப்பிட்டு "என்னடா பண்ணிட்டிருக்க?" என்கிறார். அவமானத்தில் அவர் இன்னும் மறைக்கிறார்.

இதைச் சொல்லும்போது "மறைப்பவர்", "கோள் சொல்பவர்" என்ற வார்த்தைகளைத் தவிர்த்தேன். "உங்க ரெண்டு பேருக்குமே இந்தக் குடும்பம் கெட்டுடக் கூடாதுங்கற பயம் இருக்கு. அவர் பயத்துல வாயை மூடிக்கறார், நீங்க பயத்துல கேக்கறீங்க" என்றேன். பிறகு தாளை நடுவில் வைத்து, "இதுல தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த மதிப்பீட்டையும் முடிக்காதீர்கள். சும்மா மரியாதைக்குக் கேட்காமல், பேனாவை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருங்கள்.

குறிப்பேட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் பதிவு கேட்கப்படலாம். தனிச் சந்திப்பின் குறிப்புகளைத் தனித்தனியாக வையுங்கள். அவரவர் சொன்னதை அவரவர் வார்த்தையில் எழுதுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபக்கத்தைப் பற்றிச் சான்று எழுதிக் கொடுக்காதீர்கள், யார் எவ்வளவு கெஞ்சினாலும்.

அந்தத் தறிக்காரக் குடும்பத்துப் பெண் தாளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, தன்னிடமிருந்து அம்மாவுக்குப் போன அம்புக்குறியை அடித்துவிட்டு, எதிர்ப்பக்கமாக ஒன்று போட்டார். "நான் போன் பண்றதில்லைங்க மேடம். அம்மாதான் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பண்ணுது. தம்பி சாப்பிட்டானான்னு கேக்கத்தான் பண்ணுது. எடுக்காம இருக்க முடியலைங்க." கணவர் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பி, "எனக்காகவா கூப்பிடுது?" என்றார்.

திருத்திய தாளில் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நடுவில் வைத்து, எட்டு மணிக்கு இப்போது போனை யார் எடுக்கிறார் என்று கேட்க வேண்டும் என அதன் மூலையில் எழுதிக்கொண்டேன்.